மூக்கைத் தின்ற கூட்டல் பட்டன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த ‘ள’ எங்கே வரும் என்பது எனக்கு இன்றுவரை அதிர்ஷ்டம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், அச்சுக் கோக்கிறவர் திருத்திக்கொள்ள வேண்டும். இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் வட்டாரத்துப் போட்டோக்காரர் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். பாதி மலர் வாழ்த்து விளம்பரம், மீதிப் பாதி பொறுப்பாளர்கள் கும்பிட்டபடி நிற்கிற படம். நடுவில் கொஞ்சம் பக்கம் காலியாக இருந்ததாம். ‘டிஜிட்டல் கேமராவில் வரும் பொதுவான கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்வதும்’ என்று தலைப்பையும் அவர்களே வைத்து என்னை எழுதச் சொன்னார்கள். நான் படித்தவன் என்று யாரும் ஏமாந்துவிடவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தக் கேமராவைக் கையால் தொட்டவன் நான் ஒருவன்தான். முடியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் சரி என்றேன். எழுதவும் கூச்சமாக இருந்ததால் ஆறு மாதம் ஓட்டினேன்.

போட்டோ எடுக்கிற தொழிலுக்கு நான் வந்ததே முகத்தை ஒளித்துக்கொள்ளத்தான். கல்யாண வீட்டில் அத்தனை பேரையும் நாம் பார்க்கலாம், நம்மை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். கேமராவைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டால் நெற்றி, மூக்கு, பாதி வாய் எல்லாம் மறைந்துவிடும். மீதி வாயால் ‘இங்கன பாருங்க’ என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். இருபது வருடமாக அந்த இரண்டு வார்த்தையை வைத்துத்தான் அம்பாசமுத்திரத்தில் ஸ்டுடியோ நடத்துகிறேன்.

கோளாறுகளை வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ‘ஒன்று’ என்று போட்டதுமே ஒரு வீடுதான் ஞாபகத்துக்கு வந்தது. எனக்குத் தெரிந்த கோளாறு அத்தனையும் அந்த ஒரு வீட்டில் கற்றவை. அதனால் வீட்டைச் சொல்லிவிடுகிறேன், கோளாறுகள் தாமாக வந்துவிடும்.

ஆற்றுப்பாலத்தைத் தாண்டினால் கல்லிடைக்குறிச்சி. அங்கே அப்பளம் போட்டு விற்கிற குடும்பம் அது. அப்பா, அம்மா, ஒரே மகள். மகளுக்கு அப்போது இருபத்தேழு வயது. அவள் நிறத்தைத் தரகர் மாநிறம் என்று எழுதிக்கொள்வார், அம்மா புதுநிறம் என்பார். கறுப்பு, அவ்வளவுதான். நல்ல கறுப்பு. அதில் சிற்பி கடைசியாக நிதானம் எடுத்துச் செதுக்கினது போல ஒரு மூக்கு. போட்டோக்காரன் கண்ணுக்கு முதலில் அந்த மூக்குதான் படும். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணுக்கு மட்டும் அது படுவதே இல்லை.

இந்தக் கதைக்கு இரண்டு வருடம் முன்னால், அவள் அம்மா பவுடர் டப்பாவும் கையுமாக மகளை என் ஸ்டுடியோவுக்குக் கூட்டி வந்தார்.

“அண்ணாச்சி, கொஞ்சம் வெளுப்பாத் தெரியுத மாதிரி எடுத்துக் குடுங்க. உங்களுக்கு அது ஒரு வேலையா?”

ஒரு வேலையே இல்லைதான். இரண்டு விளக்கை அதிகம் போட்டேன். வெளிச்சத்தைக் கூடுதலாக உள்ளே விட்டேன். பிரிண்ட் போடுகிறவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். பால்கோவா மாதிரி ஒரு பெண் வந்தாள். அம்மா கண்ணில் நீர் விட்டார். நானும் என் கைத்திறமையை மெச்சிக்கொண்டேன்.

அந்தப் படத்தைப் பார்த்துச் சாத்தான்குளம் பக்கமிருந்து ஒரு வீட்டார் வந்தார்கள். உறுதியானால் படம் எடுக்க வேண்டுமென்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் காப்பித் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

“இது தங்கச்சியா? போட்டோவுல உள்ள மூத்தவள வரச் சொல்லுங்க.”

அந்த அம்மாள் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் கொடுமை. அவள் தட்டை நழுவ விடவில்லை. எல்லாருக்கும் காப்பி கொடுத்தாள். கடைசித் தம்ளரை என்னிடம் நீட்டி, என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனாள். வந்தவர்கள் காப்பியையும் கேசரியையும் மிச்சம் வைக்காமல் முடித்துவிட்டுப் போய்ச்சேர்ந்தார்கள்.

அதற்கப்புறம் இரண்டு வருடம் நான் அந்தத் தெருவில் கால் வைக்கவில்லை. கல்லிடைக்குறிச்சியில் எந்த வேலை வந்தாலும் வாய்க்கால் கரை வழியாகச் சைக்கிளைச் சுற்றி விட்டேன்.

இந்த வருடம் சித்திரையில் அவள் தாய்மாமன் துபாயிலிருந்து லீவில் வந்தார். அங்கே ஏசி ரிப்பேர் பார்க்கிறவர். இங்கே இறங்கினால் அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. கையோடு ஒரு டிஜிட்டல் கேமரா கொண்டுவந்திருந்தார். அங்கே வேலை பார்க்கிற ஒருவரை மருமகளுக்குப் பேசி வைத்திருந்தார். அந்த மாப்பிள்ளைக்கு வெள்ளிக்கிழமைதான் ஓய்வு. அன்றைக்கு ஈமெயிலில் பெண் படம் போய்ச் சேர வேண்டும். பார்த்துப் பிடித்தால் லீவு போட்டு வருவார். தபாலில் போனால் பதினைந்து நாள் ஆகும், அதற்குள் வேறு பெண்ணின் படம் போய்விடும். இதுதான் நிலவரம். மாமன்காரர் இரண்டு நாளாக எடுத்தும் ஒரு படமும் உருப்படாததால், செவ்வாய்க்கிழமை காலையில் அப்பாவே ஸ்டுடியோவுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். அவர் முகத்துக்கு நேராக மறுக்க எனக்குக் கூச்சம். போனேன்.

கேமரா ஒரு செங்கல் அளவு இருந்தது. செங்கல்லுக்கு ஒரு பக்கம் கண், மறுபக்கம் சின்ன டிவி. பிலிம் கிடையாது. கம்ப்யூட்டரில் போடுகிற பிளாப்பியை இதன் வயிற்றில் செருக வேண்டும். ஒரு படம் எடுத்தால் அம்மியில் மஞ்சள் அரைக்கிற மாதிரி கொர கொரவென்று ஒரு சத்தம். அது ஓய்கிற வரைக்கும் அடுத்த படம் கிடையாது.

“பாரும்வே, நீரு இருவது வருசமா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாத்தது போதும்” என்றார் மாமன்காரர். “இனிமே கண்ணே வேண்டாம். எல்லாத்தையும் இதுவே பாத்துக்கிடும்.”

எனக்குப் பெரிய கோளாறாகப் பட்டது அதுதான். இந்தக் கேமராவைக் கண்ணில் வைக்க முடியாது. கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் இருக்கிற திரையைப் பார்க்க வேண்டும். முகம் முழுக்க வெளியே தெரியும். இரண்டு வருடமாக யார் கண்ணில் படக்கூடாது என்று வாய்க்கால் கரையில் சைக்கிள் மிதித்தேனோ, அந்தப் பெண் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

மாமன்காரர் எடுத்த படங்களைத் திரையில் காட்டினார். எல்லாம் சிவப்பு. வீட்டில் தீப்பிடித்த மாதிரி இருந்தது.

“புஸ்தகத்துல இதப் போட்டிருக்கான். கண்ணு செவக்கும், அதுக்கு ஒரு பட்டன் இருக்குன்னு. அதையும் அமுக்கியாச்சு. பத்துத் தடவ அமுக்கியாச்சு. கண்ணு மட்டுமா செவக்கு, சுவரெல்லாம் செவக்கு!”

புத்தகம் ஒரு பாதி இங்கிலீஷ், ஒரு பாதி அரபி. எனக்கு இரண்டும் ஒன்றுதான். அவருக்கும் ஏறக்குறைய அப்படித்தான் என்பது போகப்போகத் தெரிந்தது. கேமராவைத் திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தேன். கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். புதுச் சாமான் வீட்டுக்குள் வந்தால் பொட்டு வைக்காமல் விடுவார்களா? பீரோவுக்கு வைத்தார்கள், கிரைண்டருக்கு வைத்தார்கள், இதற்கும் வைத்தார்கள். நெற்றி எது என்று தேடியிருக்கிறார்கள், கண்தான் அகப்பட்டிருக்கிறது.

“யக்கா, லென்சுலயா பொட்டு வச்ச?”

“பின்ன எங்கனடா வைக்க? வட்டமா அது ஒண்ணுதானே இருந்துச்சு” என்றார் அம்மா.

வேட்டி நுனியால் துடைக்கப் போனார் மாமன்காரர். கையைப் பிடித்துத் தடுத்தேன். சந்தனத்தில் மண் இருக்கும், அழுத்தித் துடைத்தால் கண்ணாடி கீறிவிடும். முதலில் ஊதித் தூசியைப் போக்கி, பழைய பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பைய ஒற்றி எடுத்தேன். சிவப்பு போனது. சங்க மலர் படிக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்: படம் முழுக்க ஒரே நிறமாக வந்தால் புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன்னால் கேமராவின் நெற்றியைப் பார்க்கவும்.

அடுத்து, எந்தப் படத்திலும் அவள் கண் திறந்திருக்கவில்லை. “ஏளா, கண்ணத் தொறந்து வையி, கண்ணத் தொறந்து வையின்னு தொண்டத்தண்ணி வத்திப்போச்சு” என்றார் மாமன்காரர். பத்துத் தடவை அமுக்கின பட்டன்தான் காரணம். கண் சிவக்காமல் இருக்க இந்தக் கேமரா முதலில் ஒரு மின்னல் வெட்டும், கொஞ்சம் பொறுத்து இன்னொரு மின்னல் வெட்டும். படம் விழுவது இரண்டாவதில். முதல் மின்னலுக்கே எவளும் கண்ணை மூடிக்கொள்வாள். அந்தப் பட்டனை நிறுத்தினேன். அது போக, இந்த ஜாதிக் கேமராவில் பட்டனை அமுக்கியதும் படம் விழாது, ஒரு மூச்சு கழித்துத்தான் விழும். பாதி அமுக்கிப் பிடித்துக் காத்திருந்து, பிறகு மீதியை அமுக்கினால் தாமதம் குறையும். இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. விரல்தான் சொன்னது.

பிறகு பேய் வந்தது. மின்னல் வெட்டிய படங்களில் அவளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் மிதந்தன. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். “எங்க மாமனாரு வந்து ஆசிர்வாதம் பண்ணுதாரு.”

“உங்கப்பா உசிரோட இருக்கும்போது ஒருநாளும் இந்தப் பக்கம் வந்ததில்லையே, அத்தான்” என்றார் மாமன்காரர்.

“உன் கேமராவப் பாக்க வந்திருப்பாரு” என்றார் அப்பா.

உளுந்து மாவு. பக்கத்து அறையில் அப்பள மாவு இடித்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் தூள் பறந்தது. மின்னல் அந்தத் தூளின் மேல் பட்டுத் தெறித்து உருண்டையாகத் தெரிந்தது. மின்னலையே நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் ஸ்டூலை நகர்த்தினேன். வெளிச்சம் குறைந்ததால் படம் ஆடியது. உளுந்து டின் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி அதன்மேல் கேமராவை வைத்து எடுத்தேன். தெளிவாக விழுந்தது. முகம், கண், மூக்கு எல்லாம் அப்படியே இருந்தன. கோளாறு தீர்ந்தது என்று நினைத்தேன்.

மாமன்காரர் திரையைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

“எல்லாஞ் சரிதான் வே. ஆனா இன்னும் கோளாறு இருக்கே.”

“என்ன கோளாறு?”

“கறுப்பா விழுதே.”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

கேமராவின் பக்கவாட்டில் கூட்டல் குறி ஒன்றும் கழித்தல் குறி ஒன்றும் போட்ட பட்டன் இருந்தது. கூட்டினால் வெளிச்சம் கூடும், கழித்தால் குறையும். பள்ளிக்கூடத்தில் நான் தேறிய பாடம் அது ஒன்றுதான் என்பதால் எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் சொல்லாமல்தான் இருந்தேன். ஆனால் மாமன்காரரே அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

“கூட்டும் வே. இன்னுங் கூட்டும். என்ன பிசுக்குதீரு, உம்ம வீட்டு வெளிச்சமா? கடைசி வரைக்கும் போவும்.”

கூட்டினேன். முதல் கூட்டலில் கன்னம் வெளுத்தது. இரண்டாவதில் நெற்றியும் சுவரும் ஒன்றானது. மூன்றாவதில் மூக்கு காணாமல் போனது. வெள்ளைத் தாளில் இரண்டு கண்ணும் ஒரு வாயும் ஒரு பொட்டும் மிதந்தன. அந்தப் படத்துக்குத் திரையில் ஒன்பது என்று நம்பர் காட்டியது.

“இதான் வே லெச்சணம்!” மாமன்காரர் தொடையில் தட்டினார். அம்மா இந்தத் தடவையும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா மட்டும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “மாப்பிள, இதுல மூக்கக் காணலியேடா” என்றார்.

“மூக்கு யாருக்கு வேணும் அத்தான்? நெறந்தான் கேப்பான்.”

அவள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். “இது யாரு மாமா?” என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல், “மாடியில அப்பளம் எடுக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பேட்டரி பாதியில் இருந்தது. மாமன்காரர் சாப்பிட உட்கார்ந்தார். வெளியில் ஒரு படம் எடுத்து வைத்தால் நல்லது என்று முணுமுணுத்துவிட்டுக் கேமராவோடு மாடிக்குப் போனேன். எனக்கே என் கால்மேல் ஆச்சரியம்.

மொட்டை மாடி முழுக்க வெள்ளை வேட்டி விரித்து அப்பளம் காயப் போட்டிருந்தார்கள். வேலைக்கு வந்த பெண்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். கூரைச்சாய்ப்பின் நிழலில் அவள் அப்பளத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். வேட்டிகளில் பட்ட வெயில் எழும்பி அவள் முகத்தில் விழுந்தது. எந்த ஸ்டுடியோ விளக்கும் அப்படி விழாது. ஆனால் அந்தப் பிரகாசத்தில் கேமராத் திரை குருடாகிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. நான் திரையைக் கையால் மறைத்துப் பார்த்துத் தடவிக்கொண்டிருந்ததைக் கண்டு, மாவு மூட்டையை மூடுகிற கறுப்புக் கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். தலையோடு போர்த்திக்கொண்டேன்.

உள்ளே ஒரே இருட்டு, புழுக்கம், உளுந்து வாசனை. திரையில் அவள் மட்டும் தெரிந்தாள். என் முகத்தை யாரும் பார்க்க முடியாது. இரண்டு வருடம் கழித்து எனக்குப் பேச்சு வந்தது.

“அந்தப் படம் நான் எடுத்ததுதாம்மா. தப்பு என்மேலதான்.”

அவள் கையிலிருந்த அப்பளத்தைத் திருப்பிப் போட்டாள்.

“ஒங்களுக்கு எங்கம்மா சொன்னா, எங்கம்மாவுக்கு ஊரு சொல்லுது. தட்டத் தூக்கிட்டு நின்னது நாந்தான். இன்னொரு தடவ என்னால அப்பிடி நிக்க முடியாது அண்ணாச்சி. நான் எப்பிடி இருக்கேனோ அப்பிடி எடுங்க. வாறவன் தெரிஞ்சே வரட்டும். வேண்டாம்னா அங்கனயே இருந்துக்கிடட்டும்.”

கீழே கூட்டியதையெல்லாம் கழித்துவிட்டு எடுத்த முதல் படத்தில் அவள் முகம் கரியாக விழுந்தது. சுற்றிலும் வெள்ளையாக இருந்தால் கேமரா மிரண்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடும், நடுவில் இருப்பவர் இருட்டாகிவிடுவார். இந்தக் கோளாறுக்கு மட்டும்தான் கூட்டல் பட்டன் நியாயமாகப் பயன்படும். ஒரே ஒரு கூட்டல் கூட்டினேன். பின்னால் பச்சைக் கதவு வரும்படி அவளை நகர்ந்து நிற்கச் சொல்லி, கிட்டே போய்ப் பாதி அமுக்கிக் காத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. பதினாலு என்று நம்பர் விழுந்தது.

கம்பளியை விலக்கிக் காட்டினேன். “ம். இது நாந்தான்” என்றாள்.

வியாழக்கிழமை பாசஞ்சர் ரயிலில் திருநெல்வேலிக்கு நான்தான் பிளாப்பியைக் கொண்டுபோனேன். மாமன்காரருக்கு வர நேரமில்லை. அவர் லீவில் வந்தது தெரிந்து, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு விசா கேட்டு வாசலில் நாலு பேர் எப்போதும் நின்றார்கள். அவர்கள் எதிரே நாற்காலி போட்டு உட்காருகிற சுகத்தை அவர் எப்படி விடுவார்? மாப்பிள்ளையின் ஈமெயில் விலாசத்தை ஒரு சீட்டில் எழுதி, கீழே பெரிதாக ‘9’ என்று போட்டு, வட்டமும் போட்டுக் கொடுத்தார்.

கிளம்பும்போது அவர்கள் வீட்டுச் சாமி படத்துக்குக் கீழே மாப்பிள்ளையின் படம் சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்தேன். ஒட்டிய கன்னம், நெற்றியில் அலை அலையாக முடி. பின்னால் அருவி வரைந்த திரை. அந்த மாதிரித் திரையெல்லாம் எங்கள் தொழிலில் கிழிந்து பல வருடம் ஆகிறது. ஸ்டுடியோக்காரனான எனக்கு அது உறுத்தியது. சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜங்ஷன் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர். அங்கே வேலை பார்த்த அம்மாள் பிளாப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் தகட்டின் மேலும் அப்பள வீட்டம்மா பொட்டு வைத்திருந்தார்.

“என்ன அண்ணாச்சி இது, பூசை வச்ச பிளாப்பியா? குங்குமம் உள்ள போச்சுன்னா மிசின் போயிரும்.”

மறுபடி ஊதி, மறுபடி ஒற்றி எடுத்தேன். திறந்ததும் ஒன்பதும் பதினாலும் பெரிய திரையில் அருகருகே வந்தன.

“எத அனுப்ப?”

சீட்டில் ஒன்பது இருந்தது. சட்டைப்பையில் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

“பதினாலு” என்றேன்.

“அதான் சரி. இந்த ஒம்பதுல மூஞ்சியே இல்லியே” என்று சொல்லிவிட்டு, என்னவோ தட்டினார். போய்விட்டது என்றார். தபால்பெட்டியில் போட்டால் உள்ளே விழுகிற சத்தமாவது கேட்கும். இதில் அதுவும் இல்லை.

ஊருக்கு வந்து சீட்டைக் கிழித்துப் போட்டேன். பத்து நாள் மறுபடியும் வாய்க்கால் கரை வழியாகத்தான் சைக்கிள் போனது. பிறகு மாமன்காரர் ஸ்டுடியோவுக்கே வந்தார். “போன் வந்துச்சு வே! போட்டோ தெளிவா இருக்காம். லீவு போட்டுட்டான். பாத்தீரா, கூட்டல் வேல செய்யுது!” என்று என் முதுகில் அறைந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் கூச்சத்தை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

பெண் பார்க்க வந்த அன்று நானும் அந்தச் செங்கல்லோடு ஒரு ஓரத்தில் நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா கையில் ஒரு தாள் வைத்திருந்தார். துபாயிலேயே மகன் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்த படம். அவள் தட்டோடு வந்து நின்றாள். அந்த அம்மாள் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“போட்டோவுல பாத்த மாதிரியேல்லா இருக்கா” என்றார். குரலில் பெரிய சந்தோஷம் இல்லை, குறையும் இல்லை.

மாமன்காரர் எட்டித் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அதற்குள் அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். நாற்பதை நெருங்குகிற மனிதர். அலை அலையான முடி இருந்த இடத்தில் அலையும் இல்லை, கரையும் இல்லை. வழவழவென்று ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பி அடித்தது. அவள் சாமி படத்துக்குக் கீழே இருந்த போட்டோவைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

“இவுக அண்ணனா மாமா? போட்டோவுல உள்ள தம்பி எப்ப வாறாவ?”

கேசரிக் கரண்டிகள் எல்லாம் நின்றன. “ஏட்டி!” என்றார் அம்மா. வந்தவர்களில் மாப்பிள்ளைதான் முதலில் பேசினார். பாவம், நல்ல மனிதர்தான்.

“அது பத்து வருசத்துக்கு முந்தி எடுத்தது. ஒங்க மாமாதான் அதையே அனுப்பச் சொன்னாவ.”

எல்லாரும் மாமன்காரரைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார்.

“சரி” என்றாள் அவள். “நீங்க என் படத்தைப் பாத்து யோசிச்சுத்தானே வந்தீங்க. நானும் அப்பிடியே யோசிக்கேன். அண்ணாச்சி, இவுகளையும் மாடியில வச்சு ஒண்ணு எடுங்க. நம்பர் போட்டுக் குடுங்க. வெள்ளிக்கிழம சொல்லுதேன்.”

என் தொழிலில் ஒரு மாப்பிள்ளை அத்தனை சாதுவாக மாடிப்படி ஏறி நான் பார்த்ததில்லை. அப்பளங்களுக்கு நடுவே நிறுத்தினேன். கம்பளியைப் போர்த்தினேன். தலை பளபளத்துப் படத்தில் வெள்ளைத் தீவாக விழுந்தது. இதற்குக் கழித்தல் பட்டன், ஒன்று. அதோடு முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். அவர் கம்பளிக்குப் பக்கத்தில் குனிந்து ரகசியமாகக் கேட்டார்.

“அண்ணாச்சி, கொஞ்சம் முடி இருக்க மாதிரி விழுமா?”

“கூட்டலும் கழித்தலும்தான் இருக்கு தம்பி. முடிக்குப் பட்டன் வைக்கல” என்றேன். கம்பளிக்குள் இருந்தால் எனக்கு இப்படியெல்லாம் பேச வருகிறது.

கீழே வந்தபோது மாமன்காரர் என் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தார்.

“எந்த நம்பர வே அனுப்பினீரு?”

“பதினாலு.”

“சீட்டுல ஒம்பதுன்னுல்லா எழுதியிருந்தேன்! கோட்டிக்காரரா வே நீரு?”

“ஒம்பதுல மூக்கு இல்ல” என்றேன். கம்பளி இல்லாமல் சொன்னேன். அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் அப்பாவிடம் கேமராவை வாங்கி அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று அப்பா வந்து என்னிடம் சொன்னார். “இத மொதல்லயே அனுப்பியிருந்தாவன்னா நான் சரின்னு சொல்லியிருப்பேம்ப்பா” என்றாளாம். முடி இல்லாததற்காக அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊர் அப்படித்தான் பேசிக்கொண்டது. கறுத்த பெண்ணுக்கு இவ்வளவு திமிரா என்றும் பேசிக்கொண்டது. அந்த மாப்பிள்ளை ஊருக்குக் கிளம்புமுன் ஸ்டுடியோவுக்கு வந்து, மாடியில் எடுத்த படத்தைத் தன் விலாசத்துக்கு அனுப்பச் சொன்னார். அடுத்த இடத்துக்கு அதைத்தான் கொடுக்கப் போவதாகச் சொல்லித் தலையைத் தடவிக்கொண்டார்.

மாமன்காரரும் போய்விட்டார். கேமராவில் கோளாறு என்று சொல்லி இங்கேயே போட்டுவிட்டுப் போனார். அப்பளக்காரர் அதை என்னிடம் கொடுத்தார். இன்றும் என் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் வெளுப்பாக எடுக்கச் சொல்கிறார்கள். நானும் கூட்டத்தான் செய்கிறேன், பிழைக்க வேண்டுமே. ஆனால் மூக்கு தெரிகிற மட்டும்தான்.

போன வாரம் அவள் வந்தாள். திசையன்விளைப் பக்கம் ஒரு இடம் விசாரிக்கிறார்களாம், புதிதாக ஒரு படம் வேண்டும் என்றாள். கண்ணாடிக்குக் கீழே நான் வைத்திருக்கிற பவுடர் டப்பாவைப் பார்த்தாள். அதை எடுத்து என் மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் கேமராவைக் கையை நீட்டிப் பிடித்தேன், கம்பளி இல்லாமல். படத்தைத் திரையில் காட்டினேன். தலையாட்டினாள். சங்க மலருக்குக் கோளாறுகளை எழுதச் சொல்லியிருப்பதையும், எழுத உட்கார்ந்தால் அவர்கள் வீடுதான் வருகிறது என்பதையும் சொன்னேன்.

“எழுதுங்க அண்ணாச்சி. பேரு போட்டுறாதீங்க. எங்க மாமா தொடையில தட்டினத மட்டும் விட்டுறாதீங்க” என்றாள்.

பேர் போடவில்லை. தொடையைத் தட்டியதை விடவில்லை. இன்னும் பன்னிரண்டு நாளில் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தேதி குழம்பி நின்றுவிடும், அதற்குள் மலர் வந்தாக வேண்டும் என்று செயலாளர் அவசரப்படுத்துகிறார். பிளாப்பியில் ஒன்பதை அழித்துவிட்டேன், பதினாலு இருக்கிறது. இன்றைக்கு முகூர்த்தம் இல்லாத மார்கழி ஞாயிறு, ஸ்டுடியோ பூட்டியிருக்கிறது. உட்கார்ந்து எழுதி முடித்தேன்.

19 டிசம்பர் 1999.